நான்கு விரற்கடை ஜன்னல்

டிசம்பர் 18, 2025, வியாழன்

இன்று, டிசம்பர் பதினெட்டாம் தேதி, எனக்கு எண்பத்தொரு ஆண்டு, நான்கு மாதம், பன்னிரண்டு நாள். இவ்வளவு துல்லியமாக எழுதக் காரணம் உண்டு. உயிர்வாழ் சான்றுக்காகக் காலையில் வீடு தேடி வந்த பெண், படிவத்தில் வயது என்ற இடத்தில் '80+' என்று எழுதினாள். கூட்டல் குறி ஓர் அளவு அல்ல என்று சொல்லித் திருத்தவைத்தேன். முப்பத்து நான்கு ஆண்டுகள் கல்லூரியில் வேதியியல் கற்பித்தவள் நான். தசமப் புள்ளியைத் தொலைத்த மாணவிகளுக்கு மதிப்பெண் தந்ததில்லை. கொடைக்கானலில் அவர்களில் பலர் இப்போதும் என்னைக் கண்டால் எதிர்ச்சாரிக்குப் போய்விடுகிறார்கள்.

பிற்பகலில் ஜெனிட்டா வந்து சேர்ந்தாள். சவரியம்மாளின் ஒரே மகள். திண்டுக்கல்லில் பிரசவம், நான்கு நாள் பெண் குழந்தை. சவரியம்மாள் பத்தொன்பது ஆண்டுகளாக எனக்குச் சமைக்கிறாள், நான் பத்தொன்பது ஆண்டுகளாகக் குறை சொல்கிறேன், இருவருக்கும் பழகிவிட்டது. என் வீட்டுப் பின்புற முற்றத்தைத் தாண்டி இரண்டு அறைகள் கொண்ட சிறு கட்டடம் இருக்கிறது. அதில்தான் அவள் குடியிருக்கிறாள். தாயும் சேயும் நாற்பது நாள் அங்கேதான்.

குழந்தையைப் பார்க்கப் போனேன். அறையின் ஒரே ஜன்னலை மூடி, இடுக்கெல்லாம் என் பழைய செய்தித்தாள்களைத் திணித்திருக்கிறாள் சவரி. கதவுக்கு அடியில் சுருட்டிய சாக்கு. ஜெனிட்டாவின் காதுகளில் பஞ்சு. "பச்ச உடம்புக்காரி டீச்சரம்மா, ஒரு பொட்டுக் காத்துப் படக் கூடாது" என்று கட்டளை பிறந்தது. மூலையில் ஒரு மண்சட்டி, பக்கத்தில் அரை மூட்டை அடுப்புக்கரி.

கரி எதற்கு என்று கேட்டேன். கட்டிலுக்கு அடியில் வைக்க என்றாள், சாப்பாட்டுக்குத் தட்டு எதற்கு என்று கேட்டவளைப் பார்ப்பது போல என்னைப் பார்த்து.

அந்த அறைக்குள் கரி போகாது என்று சொல்லிவிட்டு வந்தேன். என்னிடம் ஹீட்டர்கள் இருக்கின்றன.

டிசம்பர் 19

ஹீட்டர்கள் இருக்கின்றன என்று எழுதியது அடக்கமான கூற்று. இந்த ஊரில் ஐம்பது ஆண்டுகளில் நான் எத்தனை வாங்கினேன் என்பதற்குக் கணக்கில்லை. திருமணப் பரிசாக மற்றவர்கள் குத்துவிளக்கு கொடுப்பார்கள். நான் ஹீட்டர் கொடுப்பேன். கல்லூரியில் எனக்கு 'ஹீட்டர் மேடம்' என்று பெயர். கரியையும் நிலக்கரியையும் நான் விரும்புவதில்லை. புகை, சாம்பல், அழுக்கு. ஏரிக்கரையில் கரியில் வாட்டித் தரும் மக்காச்சோளத்தைக்கூட நான் தொடுவதில்லை. ரசனை சார்ந்த விஷயம், அவ்வளவுதான்.

இன்று மூன்று ஹீட்டர்களைச் சவரியின் முன் நிறுத்தினேன்.

முதலாவது, இரண்டு கம்பிகள் செக்கச்சிவந்து எரியும் பழைய வகை, பின்னால் பளபளப்பான குழிந்த தகடு. "செவப்பு வெளிச்சம் புள்ள கண்ணுக்கு ஆகாது" என்று நிராகரிக்கப்பட்டது. இரண்டாவது, உள்ளே சிறு விசிறி வைத்து வெப்பக்காற்றை ஊதுவது. அறையை ஐந்தே நிமிடத்தில் சூடாக்கும். போட்டுக் காட்டினேன். சவரி ஓடிவந்து மகளின் முன் முந்தானையை விரித்து நின்றாள்.

"காத்து அடிக்குதே!"

"சூடான காற்றுதானே சவரி."

"சூடா இருந்தா என்ன, காத்து காத்துதான். பச்ச உடம்புக்கு ஃபேன் ஆகாதுன்னா ஆகாதுதான்."

விசிறியின் நோக்கமும் வெப்பக்கடத்தலும் குறித்து நான் ஆற்றிய சிற்றுரை எடுபடவில்லை. மூன்றாவது, சக்கரம் வைத்த எண்ணெய் ஹீட்டர். பதினொரு இரும்பு மடிப்புகள், உள்ளே எண்ணெய். ஒளி இல்லை, ஓசை இல்லை, காற்று இல்லை. அவளால் குற்றம் சொல்லவே முடியாது என்று நினைத்தேன். அதைச் சுற்றி ஒருமுறை நடந்து பார்த்துவிட்டு, "இதுல தீயே தெரியலையே, இது எங்கேருந்து சுடும்?" என்றாள். கால் மணி நேரம் கழித்துக் கையை வைத்துப் பார்த்தாள், உடனே எடுத்தாள். அதையே ஒப்புதலாக எடுத்துக்கொண்டேன்.

டிசம்பர் 21

தவறு என்னுடையது. எழுதி வைக்கிறேன்.

இரண்டாயிரம் வாட் ஹீட்டரைச் செல்போன் சார்ஜ் ஏற்றும் சின்னப் பிளக்கில் மாட்ட அனுமதித்தேன். அந்த அறைக்கு வேறு பிளக் கிடையாது என்பதை நான் பார்த்திருக்க வேண்டும். விடியற்காலையில் பிளக் உருகி, சுவர் கறுத்து, பின்கட்டு முழுவதும் மின்சாரம் போயிற்று. ஆபத்து ஒன்றுமில்லை. நாற்றம்தான்.

சவரி காப்பியை மேசையில் வைக்கும்போது எழுப்பிய ஓசையில் எல்லாம் இருந்தது.

டிசம்பர் 22

வயர்மேன் தங்கப்பாண்டி நாளை வருவதாகச் சொன்னார். அவருடைய நாளை எது என்பது நாட்காட்டிக்குத் தெரியாது.

டிசம்பர் 24

வந்தார். மெயின் பெட்டியிலிருந்து தனியாகத் தடித்த வயர் இழுத்து, பவர் பிளக் ஒன்று வைத்து, தனி சுவிட்சும் போட்டுக் கொடுத்தார். எர்த் வயர் இல்லாமலே முடிக்கப் பார்த்தார். நான் ஸ்டூலைப் போட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்ததால் அது நடக்கவில்லை. "டீச்சர் பக்கத்துல நின்னு வேலை பாக்குறது பரிட்சை எழுதுற மாதிரி இருக்கு" என்றார். தேர்ச்சி என்று சொன்னேன்.

ஹீட்டர் மாலை நான்கு மணியிலிருந்து ஓடுகிறது. கல்லூரியிலிருந்து ஓய்வு பெறும்போது கொண்டுவந்த வெப்பமானியை அறையில் மாட்டியிருக்கிறேன். வெளியே எட்டு டிகிரி, உள்ளே இருபது.

டிசம்பர் 25

சவரி காலைப் பூசைக்குப் போயிருந்தாள். கேக்கை எடுத்துக்கொண்டு பின்கட்டுக்குப் போனேன். ஜெனிட்டா எழுந்து உட்கார்ந்து நெற்றியைப் பிடித்துக்கொண்டிருந்தாள். தலைவலியா என்றேன். வந்த நாளிலிருந்தே காலையில் தலைவலி, குமட்டல், குளிக்க வெளியே போனால் சரியாகிவிடுகிறது என்றாள். சொல்லும்போதே அவள் பார்வை கட்டிலுக்கு அடியில் போனது.

குனிவது என் வயதில் ஒரு திட்டமிட்ட செயல். குனிந்தேன். கட்டிலுக்கு அடியில் மண்சட்டி. சாம்பலுக்குள் இன்னும் கங்கு இருந்தது.

"அம்மாட்ட சொல்லிராதீங்க டீச்சர்" என்றாள். "ஹீட்டரு பக்கத்துல சுடுதாம், கீழருந்து சுடலயாம். முதுகு காயணுமாம் எனக்கு."

சட்டியை நானே முற்றத்துக்குத் தூக்கி வந்தேன். குழாயடியில் வைத்துத் தண்ணீர் ஊற்றினேன். கங்கு அணைந்த பிறகும் இன்னொரு செம்பு ஊற்றினேன்.

பிறகு ஜன்னலில் திணித்திருந்த தாள்களை உருவி எடுத்து, கதவை அகலத் திறந்து, குழந்தையை என் சால்வைக்குள் வைத்துக்கொண்டு கால் மணி நேரம் வெளியே நின்றேன். குழந்தை தும்மியது. நல்ல உறுதியான தும்மல்.

டிசம்பர் 26

சாம்பாரில் உப்பு இல்லை. மறதி என்று நான் நம்பவில்லை.

டிசம்பர் 27

உடன்படிக்கை ஏற்பட்டது. பிள்ளைக்கும் தாய்க்கும் தலைமுடி காயச் சாம்பிராணி போடக் கரி உண்டு. ஆனால் முற்றத்தில், பகலில். அறைக்குள் ஹீட்டர் மட்டும். கீழிருந்து சூடு வேண்டுமென்பதற்காக, கட்டிலை உயர்த்திச் செங்கல் வைத்து, ஹீட்டரைக் கால்மாட்டில் பாதி உள்ளே தள்ளி வைத்தோம். போர்வை தொங்கி அதில் படாதபடி மடித்துக் கட்டினோம். ஜன்னலில் நான்கு விரற்கடை இடைவெளி வேண்டும் என்றேன். இரண்டு என்றாள். நான்கு என்றேன். நாற்பது நாள் முடியட்டும் என்றாள். கடைசியில், கட்டில் இருக்கும் பக்கம் மூடியும் மறுபக்கம் திறந்தும் வைக்கச் சம்மதித்தாள். திறந்த பக்கத்துக்கு முன்னால் ஒரு சேலையைக் கட்டித் தொங்கவிட்டாள். அந்தச் சேலை பற்றி நான் வாதாடவில்லை.

என் வீட்டின் ஐந்து ஜன்னல்களும் வெள்ளைக்காரன் காலத்தவை. கண்ணாடிச் சட்டத்தை மேலே தூக்கித் திறக்க வேண்டும். ஒவ்வொன்றின் கீழும் நான்கு விரற்கடை உயரத்தில் ஒரு மரக்கட்டை நிற்கிறது. எந்தப் பனியிலும் அவை எடுக்கப்படுவதில்லை. படுக்கையறைக் கட்டை மட்டும் தேக்கு, பழையது. மற்ற நான்கையும் பின்னால் செய்வித்தேன். வருகிறவர்கள், வீட்டுக்குள்ளும் சால்வையோடு உட்கார வேண்டியிருக்கிறதே என்று முனகுவார்கள். உட்காரட்டும்.

டிசம்பர் 31

பரணைச் சுத்தம் செய்ததில் மேசை விசிறி அகப்பட்டது. வார்ப்பிரும்பு, பித்தளை இறக்கைகள், தூக்கினால் தோள் இறங்கிவிடும் கனம். 1969-இல் எனக்குத் திருமணமானபோது மதுரையிலிருந்து என் தந்தை சீர்வரிசையாக அனுப்பியது. மகள் கொடைக்கானலுக்கு வாழ்க்கைப்படுகிறாள் என்பது அவருக்குத் தெரியும். ஆனால் மதுரைக்காரருக்கு விசிறி இல்லாத வீட்டைக் கற்பனை செய்ய இயலவில்லை. தெருவே வந்து பார்த்துவிட்டுப் போயிற்று. பனி கொட்டும் டிசம்பரில் என் கணவர் மாசிலாமணி, கோட்டும் குல்லாயுமாக அதன் முன் உட்கார்ந்து, மாமனாருக்கு அனுப்பப் புகைப்படம் எடுத்துக்கொண்டார். பொறியாளர், கையில் எப்போதும் ஏதாவது ஒரு மரத்துண்டும் உளியும் இருக்கும். 1973-இல் மாரடைப்பில் இறந்தார். முப்பத்தாறு வயது.

எண்ணெய் விட்டு மாட்டியதும் விசிறி முனகாமல் ஓடியது. ஜெனிட்டா திண்டுக்கல்லுக்குத் திரும்பும்போது கொண்டுபோகட்டும் என்றேன். "மூணு மாசத்துக்கு அவ ஃபேன் பக்கமே தலைவச்சுப் படுக்கக் கூடாது" என்றாள் சவரி. அதற்குப் பிறகு ஓடட்டும். ஐம்பத்தாறு ஆண்டுகள் காத்திருந்த விசிறிக்கு மூன்று மாதம் ஒரு பொருட்டல்ல.

புது டைரி வந்துவிட்டது. ஜனவரி 11-ஆம் பக்கத்தில் வழக்கம்போலக் குறுக்கே கோடு போட்டேன். அந்த ஒரு நாள் நான் எழுதுவதில்லை.

ஜனவரி 2, 2026

ஜெனிட்டாவுக்கு ஒரு வாரமாகத் தலைவலி இல்லை. சவரி இதற்குக் காரணம் பூண்டு லேகியம் என்கிறாள்.

ஜனவரி 5, திங்கள்

காலையிலிருந்து பேய்க்காற்று. பதினொரு மணிக்கு மேல்தெருவில் யூகலிப்டஸ் மரம் ஒன்று மின்கம்பிகளின் மேல் விழுந்தது. போகிற போக்கில் இரண்டு கம்பங்களையும் சாய்த்துவிட்டது. நாளை மாலையாவது ஆகும் என்கிறார்கள். என் இன்வெர்ட்டர் விளக்குகளைத் தாங்கும், ஹீட்டரைத் தாங்காது. எண்ணெய் ஹீட்டர், மின்சாரம் போன பிறகும் ஒரு மணி நேரம் சூட்டை வைத்திருந்தது. பிறகு அது பதினொரு மடிப்புள்ள குளிர்ந்த இரும்பு.

வெந்நீர்ப் பைகள் இரண்டு கைவசம் உள்ளன. எரிவாயு இருக்கிறது. மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை நிரப்பிக் கொடுக்கும்படி ஏற்பாடு. சமாளிக்கலாம்.

ஜனவரி 6

சமாளிக்க முடியவில்லை. காலையில் பின்கட்டு அறையில் பத்து டிகிரி. ஒரு பையின் வாய் கசிந்து குழந்தையின் துணி நனைந்தது. அதோடு பையின் மேல் சவரிக்கு இருந்த நம்பிக்கை போயிற்று. என் வீட்டுக்கு வந்துவிடுங்கள் என்று மூன்று முறை சொன்னேன். மூன்று முறையும் மறுத்துவிட்டாள். மின்சாரம் இன்றும் இல்லை. மரத்தை அறுத்துக்கொண்டிருக்கும் ஓசை மட்டும் கேட்கிறது. மணி நான்கு. பிறகு எழுதுகிறேன்.

ஜனவரி 7, புதன், காலை

நேற்று ஐந்தரை மணிக்குச் சமையலறை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். சவரி முற்றத்தில் குந்தி உட்கார்ந்து, பனையோலை விசிறியால் கரிச்சட்டியை விசிறிக்கொண்டிருந்தாள். கங்கு நன்றாகப் பிடித்திருந்தது. சேலைத் தலைப்பைச் சுற்றி அவள் சட்டியைத் தூக்குவதற்குள் நான் போய்ப் பின்கட்டு வாசற்படியில் நின்றுவிட்டேன். என்னால் வேகமாக நடக்க முடியும் என்பது எனக்கே செய்தி.

"நகருங்க டீச்சரம்மா. கை சுடுது."

"கீழே வை."

"புள்ள காலு ஐஸாட்டம் கெடக்கு. தொட்டுப் பாருங்க. கரண்ட் இல்லேன்னா உங்க ஹீட்டரு வெறும் கல்லு. நேத்துலருந்து நீங்க சொன்னதத்தான கேட்டேன்?"

அவள் சொன்னது உண்மை. என் வீட்டுக்குக் கொண்டுவா என்றேன்.

"உங்க வீட்டுக்கா? சன்னலு பூராம் தொறந்து போட்டு, பேய் குடியிருக்கிற மாதிரி! அங்க கொண்டாந்து சன்னி கண்டு சாகவா? எங்கம்மா எட்டுப் பெத்தா, நான் மூணு பெத்தேன். எல்லாம் கரிச்சட்டியிலதான் காஞ்சோம். ஒருத்தருகூடச் சாகல."

அவளுடைய அம்மாவின் வீட்டுக்குக் கூரை நாட்டு ஓடு, சுவர் மண். அவற்றில் ஆயிரம் ஓட்டைகள்; வீடே மூச்சுவிடும். இந்த அறைக்கு ஆறு ஆண்டுகளுக்கு முன் கான்கிரீட் கூரையும் இறுக மூடும் அலுமினிய ஜன்னலும் போட்டுத் தந்தவள் நான். மழை ஒழுகாமல் இருக்க வேண்டும் என்று செய்தது. கரியை அணைக்காமல் இந்தப் பெட்டிக்குள் வைத்து மூடினால் என்னாகும் என்பதை அவளுக்குப் புரியும்படி சொன்னேன். அந்த வாயுவுக்கு மணமில்லை, நிறமில்லை, தூங்குகிறவரை அது எழுப்புவதில்லை. இரத்தத்தில் உயிர்வளி உட்கார வேண்டிய இடத்தில் அது உட்கார்ந்துகொள்ளும். ஆயிரக்கணக்கான மாணவிகளுக்குச் சொன்ன பாடம். இவ்வளவு தெளிவாக நான் என்றும் சொன்னதில்லை.

சவரி பொறுமையாகக் கேட்டாள். பிறகு சொன்னாள்: "அதெல்லாம் பொஸ்தகத்துல டீச்சரம்மா. இது எம் பேத்தி. நகருங்க."

உள்ளே குழந்தை அழுதது. அழுகை மெலிந்திருந்தது. சவரி ஒரு கையால் என் தோளைத் தொட்டு ஒதுக்கப் பார்த்தாள். பத்தொன்பது ஆண்டுகளில் அவள் என்னைத் தொட்டது அதுவே முதல் முறை. அவளுக்கு வலு அதிகம். இன்னும் ஒரு அடி வைத்தால் உள்ளே போய்விடுவாள்.

"எங்க வீட்டுக்காரர் எதுல செத்தார் தெரியுமா உனக்கு?" என்றேன்.

"மாரடைப்புல."

"நான்தான் அப்படிச் சொன்னேன் எல்லார்கிட்டயும். அவர் இதுலதான் செத்தார்." சட்டியைக் காட்டினேன். "இதே மாதிரி ஒரு சட்டி. ஜன்னல் மூடின அறை. காலையில போய் எழுப்பினேன். முகம் நல்லா ரோஜாப்பூ நிறத்துல இருந்தது. காய்ச்சல் விட்டுடுச்சுன்னு நினைச்சேன்."

சவரி சட்டியைக் கீழே வைத்தாள். வைத்தாளா, கை விட்டுவிட்டதா என்று தெரியவில்லை. இரண்டு கங்குகள் உருண்டு ஓடி முற்றத்து ஈரத்தில் அணைந்தன.

அணைந்த கங்குகளைப் பார்த்தபடியே கேட்டாள்: "சன்னல யாரு மூடுனா?"

"அவரேதான் மூடியிருக்கணும். குளிர் தாங்காம."

"பாவம் மனுசன். அவருக்கு என்ன தெரியும்? நீங்க பாத்திருந்தா மூட விட்டிருப்பீங்களா?"

தண்ணீர் ஊற்று என்றேன். ஊற்றினாள். சட்டி சீறிவிட்டு அடங்கியது.

பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. ஜெனிட்டாவையும் குழந்தையையும் என் படுக்கையறைக்குக் கொண்டுவந்தோம். கட்டிலில் நான்கு கம்பளிகள். நடுவில் குழந்தையைத் தாயின் தோலோடு தோலாக ஒட்டிப் படுக்கவைத்து மேலே போர்த்தினோம். இருபுறமும் நானும் சவரியும். முப்பத்தேழு டிகிரி வெப்பத்தில் இயங்கும் மூன்று சாதனங்கள், மின்சாரம் தேவையில்லை. அரை மணியில் குழந்தையின் பாதம் சூடேறிவிட்டது. "ரெண்டு பக்கமும் ரெண்டு ஹீட்டரு, ஒண்ணு மட்டும் ஓயாம பேசுது" என்றாள் ஜெனிட்டா. எந்த ஹீட்டர் என்று அவள் குறிப்பிடவில்லை.

ஒரு கட்டத்தில் சவரி எழுந்து ஜன்னலருகே போனாள். கட்டையை எடுக்கப் போகிறாள் என்று நினைத்தேன். அதைத் தடவிப் பார்த்தாள்.

"இது சாரு செஞ்சதா?"

"ஆமாம்."

எடுக்கவில்லை. திரும்பி வந்து படுத்துக்கொண்டாள்.

அதே நாள், மாலை

மின்சாரம் மூன்று மணிக்கு வந்தது. நால்வரும் நலம். குழந்தைக்கு ஒரு நாளுக்குரிய பால் அரை நாளில் உள்ளே போயிருக்கிறது. பிற்பகலில் ஹீட்டரைப் போட்ட கையோடு சவரி அதன் தலையைத் தட்டிக் கொடுத்ததைப் பார்த்தேன்.

ஜனவரி 9

சவரிக்கு ஒரு செய்தி கிடைத்தால் அது அவளிடம் தங்குவதில்லை என்பது நான் அறிந்ததே. ரேஷன் கடை, பால் பூத், கோவில் வாசல் என்று மூன்று நாட்களில் என் கணவர் ஊர் முழுவதும் நடமாடிவிட்டார். குளிர் தாங்காமல் ஜன்னலை மூடிக்கொண்டு, கரிச்சட்டியோடு படுத்து, எழுந்திருக்காமல் போன மனிதர். கீழ்த்தெருவில் மூன்று வீடுகளில் கரிச்சட்டி வெளியே வந்துவிட்டது. ஒரு வீட்டில் ஜன்னல் கண்ணாடி ஒன்றையே கழற்றிவிட்டார்களாம்.

தங்கப்பாண்டி வந்தார். பவர் பிளக் வைக்க ஐந்து வீடுகளில் கூப்பிட்டிருக்கிறார்களாம். நன்றி சொல்லிப் போக வந்திருக்கிறார். போகும்போது ஹாலில் மாட்டியிருந்த மாசிலாமணியின் படத்தைப் பார்த்தார். "இன்ஜினியரு வேற. படிச்சவரு. சன்னல மூடக் கூடாதுன்னுகூடத் தெரியாம இருந்திருக்காரே, பாவம்" என்றார்.

எல்லா வீட்டிலும் எர்த் வயர் போட வேண்டும் என்று சொல்லி அனுப்பினேன்.

ஐந்து வீடுகள். ஐம்பது ஆண்டு ஹீட்டர் பரிசுகள் செய்யாததை ஒரு வாக்கியம் மூன்று நாளில் செய்துவிட்டது. அந்த வாக்கியத்தில் ஒரு பகுதி பிழையானது. விடைத்தாளாக இருந்தால் எவ்வளவு குறைத்திருப்பேன் என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

ஜனவரி 10

எழுத ஒன்றுமில்லை. வெளியே ஆறு டிகிரி. உள்ளே இருபது.

ஜனவரி 11, ஞாயிறு

போட்ட கோட்டின் மேலேயே எழுதுகிறேன். ஐம்பத்து மூன்று ஆண்டுகளில் இந்தத் தேதியில் எழுதுவது இதுவே முதல் முறை.

காலையில் சவரி பூசை முடிந்து நேராக என் வீட்டுக்கு வந்தாள். ஹாலில் உள்ள படத்தின் கீழே மறைவு தேதி எழுதியிருக்கிறது. பத்தொன்பது ஆண்டுகளாக அதைத் துடைக்கிறவள், அவளுக்குத் தெரியும். வெள்ளைச் செவ்வந்திச் சரம் ஒன்றை மாட்டினாள். படத்துக்குப் பூ வைப்பதில்லை என்ற என் வழக்கத்தை நினைவுபடுத்த வாயெடுத்தேன். அவள் முந்திக்கொண்டாள்.

"ஏன் டீச்சரம்மா, ராவெல்லாம் யோசிச்சேன். அந்தக் கட்டையச் செஞ்சவரு அவரு. சன்னலு மூடக் கூடாதுன்னு தெரிஞ்சுதான செஞ்சிருப்பாரு? அப்புறம் அவரே எதுக்கு அத எடுத்தாரு?"

என் மாணவிகளில் எவளும் இப்படி ஒரு கேள்வி கேட்டதில்லை. கேட்டிருந்தால் முழு மதிப்பெண் கொடுத்திருப்பேன்.

உட்கார் என்றேன். நாற்காலியில் உட்காரச் சொன்னேன், தரையில் உட்கார்ந்தாள். தெருவில் எந்த வாயால் சொன்னாயோ அந்த வாயாலேயே திருத்திச் சொல்லிவிட வேண்டும் என்று கேட்டுக்கொண்டேன். பிறகு சொன்னேன். அவளிடம் சொன்ன வரிசையிலேயே இங்கும் எழுதுகிறேன்.

கட்டை செய்யச் சொன்னவள் நான். கரிச்சட்டி வைத்த அறையில் நான்கு விரற்கடையாவது திறப்பு வேண்டும் என்று கணக்குப் போட்டுக் காட்டினேன். மாசிலாமணி அதை அப்படியே ஏற்று, தேக்கில் அளவெடுத்துச் செதுக்கினார். சட்டம் இறுகாமல் ஏறி இறங்க, பள்ளத்தில் மெழுகு தேய்த்தார். மூன்று குளிர்காலங்கள் ஒருநாள் தவறாமல் அந்தக் கட்டையை வைத்துவிட்டுத்தான் படுத்தார்.

1973, ஜனவரி பத்தாம் தேதி அவருக்குக் காய்ச்சல். மறுநாள் எனக்குக் கல்லூரியில் செய்முறைத் தேர்வு. தொற்றிக்கொள்ளக் கூடாதென்று நான் அடுத்த அறையில் படுப்பதாக ஏற்பாடு. படுக்கும் முன் எட்டிப் பார்த்தேன். தூங்கிக்கொண்டிருந்தார். ஜன்னலிலிருந்து வந்த காற்று நேராக அவர் தலையில் அடித்தது. தூக்கத்திலேயே போர்வையை இழுத்து இழுத்துச் சுருண்டார். அறை கொஞ்சம் சூடாகட்டும், பத்து நிமிடத்தில் வந்து மறுபடி வைத்துவிடலாம் என்று நினைத்தேன். விடைத்தாள்கள் இருந்தன. திருத்தத் தொடங்கினால் எனக்கு நேரம் தெரியாது. அது எனக்குத் தெரியும்.

மெழுகு தேய்த்திருந்ததால் சட்டம் ஓசையில்லாமல் இறங்கியது.

காலையில் கட்டை என் ஸ்வெட்டர் பையில் இருந்தது.